அரசாங்கம் தண்ணீர் ஊற்றிய செடி

போதைத் தாவர ஒழிப்புத் தனிப்பிரிவு என்ற அலுவலகம் ஜவ்வாது மலை அடிவாரத்தில், சந்தவாசலைத் தாண்டி ஒரு பழைய புளிக் கிடங்கில், எண்பத்தாறாம் வருஷம் திறக்கப்பட்டது. டில்லியில் புதுச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தால் அலுவலகம் வர வேண்டும். அலுவலகம் வந்தால் ஜீப் வர வேண்டும். ஜீப் வந்துவிட்டால் அது எங்கேயாவது போயாக வேண்டும். போவதற்குத்தான் பக்கத்திலேயே மலை இருந்தது.

கிடங்கை எத்தனை முறை கழுவியும் புளி வாசனை போகவில்லை. தனி அலுவலர் ராஜாக்கண்ணு நாள் முழுக்க வாயில் எச்சில் ஊறியபடியே கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது. கை நீட்டமாட்டார், நேரத்துக்கு வருவார், சட்டத்தைச் சாமி மாதிரி கும்பிடுவார். ஒரே ஒரு சிறு குறை, எந்தச் செடியை ஒழிக்க அவரை அனுப்பினார்களோ அந்தச் செடியை அவருக்கு அடையாளம் தெரியாது.

அதனால்தான் பிரிவின் முதல் பெரிய வெற்றி ஒரு புளிச்சகீரைத் தோட்டமாகப் போயிற்று. கஞ்சாவுக்கும் புளிச்சகீரைக்கும் இலை விரித்த விரல் மாதிரிதான் இருக்கும். தோட்டக்காரி மங்கம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டு, "கீரை சாமி, தொவையலுக்கு வெச்ச கீரை" என்று கத்தினாள். எல்லாக் குற்றவாளிகளும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ராஜாக்கண்ணு வேரோடு பிடுங்கி எரித்துவிட்டார். படம் பேப்பரிலும் வந்தது. படத்தைப் பார்த்த மேலதிகாரி ஒருவர் கிராமத்துக்காரராக இருந்து தொலைத்ததால், அடையாளம் கற்றுக்கொள்ள மாதிரிச் செடி ஒன்றை அலுவலகத்திலேயே உயிரோடு வளர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மலைக்குப் பின்புறம் மலைச்சரிவே மறையும் அளவுக்குப் பெரிய பெரிய கஞ்சாத் தோட்டங்கள் இருப்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அங்கே போகிற பாதை விசித்திரமானது. அதில் லாரி போகும், ஜீப் போகாது. ஆகவே ஜீப் போகிற பாதையில் போனார்கள். நெல்லிப்பட்டு என்ற ஊரோடு பாதை முடிந்தது. முடிந்த இடத்தில் இருந்த முதல் வீடு பச்சையம்மாவின் வீடு.

அவளுடைய புருஷன் மாதையனுக்கு வயிற்றில் கட்டி. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றை அழுத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, இனி அறுக்க முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கத்தான் முடிந்தது. ஒரு வாய் கஞ்சி உள்ளே போனால் இரண்டு வாயாக வெளியே வந்தது. தூக்கம் இல்லை. சாமை மூட்டையை ஒரே மூச்சில் மலையேற்றிய மனுஷன் போர்வைக்குள் இருக்கிறானா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் கஞ்சா இலையைக் கிள்ளி ஆட்டுப்பாலில் காய்ச்சிக் கொடுத்தாள். அன்றைக்கு அவன் ஒரு கிண்ணம் சாமைச்சோறு தின்றுவிட்டுக் குறட்டை விட்டான். கட்டி கரையும் என்று அவளும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. இருக்கிற நாளைத் தின்று தூங்கி இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் அவள் கேட்டது. அது ஒன்றும் பெரிய ஆசை இல்லை.

வீட்டுக்குப் பின்னால் அவன் பேருக்கு வைத்த இரண்டு செடியிலும் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. ஜீப்பில் வந்தவர்கள் நூலோடு சேர்த்துப் பிடுங்கினார்கள்.

"சாமி, நூல் கட்டியிருக்குதே, பாக்கலயா? நோவுக்காரரு செடி அது!" என்று ஓடி வந்தாள் பச்சையம்மா.

"நூல் எங்க துறையில வராதும்மா. எங்களுக்குச் செடி மட்டும்தான்" என்றார் ராஜாக்கண்ணு.

"அப்ப அவரு சோறு துன்றது இன்னா ஆவறது?"

"சோறு உணவுத் துறை" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் வராது.

மஞ்சள் நூல் சமாச்சாரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மலையில் நோயாளி பேருக்கு ஒரு மருந்துச் செடி வைத்து மஞ்சள் நூல் கட்டிவிட்டால், அதன் பிறகு அந்தச் செடி நிலத்துக்காரனுக்குக்கூடச் சொந்தமில்லை. அதை யார் அழித்தாலும், தெரிந்து அழித்தாலும் தெரியாமல் அழித்தாலும், நோயாளி அவர்கள் பொறுப்பு. தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், எழுந்து நடக்கும் வரையோ கண்ணை மூடும் வரையோ கஞ்சி ஊற்றிக் கால் பிடித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு ரங்கனின் மாமியாருக்குக் கட்டிய நொச்சியை ஒரு முறை சின்னதம்பியின் ஆடு தின்றுவிட்டது. மாமியார் மழைக்காலம் முழுக்கச் சின்னதம்பி வீட்டில் இருந்தாள். அந்த ஆட்டைக் கண்டால் ரங்கன் இன்றைக்கும் ஒரு கை புல் போடுவான்.

மாதையன் மறுபடி வாந்தி எடுக்கத் தொடங்கியதும் பச்சையம்மா மலை இறங்கினாள். வழக்கத்தை உடனே கையில் எடுக்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாள். அதுவரை அவள் எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை, அதனால்தான் அப்படி நினைத்தாள்.

"மருத்துவக் காரணத்துக்கு அனுமதி சட்டத்திலேயே இருக்கும்மா" என்றார் ராஜாக்கண்ணு, பெருமையாக.

"அப்ப குடுங்க சாமி."

"அனுமதி இருக்கு. அதை யார்கிட்ட கேட்கணும்னு இன்னும் தீர்மானம் ஆகல. தீர்மானம் ஆகாத விஷயத்தை யாரும் கேட்கக் கூடாது."

"எலையாச்சும் குடுங்க. செடி நீங்களே வெச்சிக்குங்க."

ராஜாக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. சட்டத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. "இலை குற்றமே இல்லையே! பூ குற்றம், செடி வளர்க்கிறது குற்றம். வெறும் இலை சட்டத்துக்குள்ள வரவே வராது. நீ தாராளமா இலை வெச்சுக்கலாம்."

"செடியில்லாம எலை எங்க சாமி மொளைக்கும்?"

"அது வேளாண்மைத் துறை" என்றார் அவர்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நீலாவதி நல்ல மனுஷி. மாதையனின் நிலையைக் கேட்டுவிட்டு மெதுவாகத் தலையசைத்தாள். "அந்த இலைக்குக் கேக்குதுன்னு எனக்கும் தெரியும்மா. பசி எடுக்கும், கொமட்டல் அடங்கும். ஆனா நான் எழுதிக் குடுக்கணும்னா அது மருந்தா இருக்கணும். மருந்துன்னு அந்தப் பிரிவுல ஒத்துக்கணும்."

பிரிவில் கேட்டால், டாக்டர் மருந்து என்று எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நடந்து பச்சையம்மாவுக்குக் கால் வீங்கியது. ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாரும் அடுத்த வாசலைக் காட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பினால் மாதையன் வெறும் தண்ணீரையும் துப்பினான்.

"வுடு பச்ச. யாரு காலுலயும் வுழாத" என்றான் அவன்.

"யாரு வுழப்போறா? நாளைக்கு நீ கீழ போற. உன் செடிய யாரு புடுங்கனாங்களோ அவங்க வூட்டுக்குப் போற."

மறுநாள் ரங்கனும் சின்னதம்பியும் இன்னும் சிலரும் தோள் மாற்றி மாற்றி டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். கிடங்கு வாசலுக்குள் நுழைந்து, தனி அலுவலரின் மேஜைக்கு முன்னால் மாதையனை இறக்கி வைத்தார்கள். பச்சையம்மா ஒரு மூட்டையை அவன் தலைமாட்டில் வைத்தாள். மாற்று வேட்டி, போர்வை, வாந்தி எடுக்கிற சட்டி.

"இன்னாம்மா இது?" என்று எழுந்தார் ராஜாக்கண்ணு. பதற்றத்தில் அவருக்கே 'இன்னா' வந்துவிட்டது.

"நூல் கட்டின செடிய நீங்க புடுங்கினீங்க. இனிமே இவரு ஒங்க வூட்டு மனுசன். கஞ்சி சூடா ஊத்துனா குடிக்க மாட்டாரு, ஆத்தி ஊத்துங்க. பொரண்டு படுக்க ஒத்தாசை பண்ணுங்க. நான் உள்ள வரக்கூடாது, எங்க மொற அது. எதுத்தாப்ல மரத்தடியிலதான் இருப்பேன்."

"மனுஷனைப் பறிமுதல் பண்ண எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா!"

"அவரு சோத்த மட்டும் பறிமுதல் பண்ண அதிகாரம் இருந்துதா?" என்றுவிட்டு அவள் வெளியே போய் சாலைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, கிடங்கு வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

உள்ளே பெரிய குழப்பம். தலைமையிடத்துக்குப் போன் போட்டார்கள். வெளியேற்று என்று ஒருவர் சொன்னார். வெளியேற்றும்போது செத்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டதும், வெளியேற்று என்று தான் சொல்லவில்லை என்றார் அவரே. கடைசியில், செடியோடு தொடர்புடைய பொருள் என்ற வகையில் ஆளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் நோயாளி என்பதை மட்டும் எந்த இடத்திலும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு வந்தது.

பொருளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார்கள். பொருள் அதை ராஜாக்கண்ணுவின் மேஜை மேல் வாந்தி எடுத்தது. பால் கொடுத்தார்கள், வரப்போகிற போதை ஒழிப்பு வார விழாவுக்காக எழுதி வைத்த துணிப் பதாகை போயிற்று. மாதையன் முனகுகிற முனகலில் ஒருவராலும் ஒரு வரி எழுத முடியவில்லை. சர்க்கார் அலுவலகத்தில் ஒரு வாரம் வேலை நடக்கவில்லை என்றால் வெளியே யாருக்கும் தெரியாதுதான். ஆனால் தூங்கவும் முடியவில்லை. அதுதான் நிலைமையை மோசமாக்கியது.

அந்த அலுவலகத்தில் செடியைப் பார்த்தால் செடி என்று தெரிகிற ஆள் ஒருவர் இருந்தார். காவலாளி கண்ணாயிரம், அடிவாரத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. பச்சையம்மா வீட்டில் பிடுங்கி வந்த இரண்டு செடிகளையும் மாதிரிக்காக எண்ணெய் டின்களில் நட்டு, உத்தரவுப்படி தண்ணீர் ஊற்றி வந்தவர் அவர்தான். ஒன்று வாடிப்போனது. மற்றொன்று சர்க்கார் தண்ணீரில் சர்க்கார் நிழலில் கொழுகொழுவென்று வளர்ந்தது. அந்த டின்னில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: "விஷச் செடி. அரசு உடைமை. தொடாதே."

விழாவுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது மாதையன் சோறு கேட்டான். கேட்டுத் தின்றான். தின்றது உள்ளேயே தங்கியது. மத்தியானம் கிடங்கின் ஓரத்தில் நிம்மதியாகத் தூங்கினான். சாயங்காலம் பக்கத்துக் கடையில் ஆட்டுப்பால் கிடைக்குமா என்று கண்ணாயிரம் அன்றைக்கும் விசாரித்ததைப் பச்சையம்மா மரத்தடியிலிருந்து கவனித்தாள். அவர் திரும்பும்போது ஒரு முறை அவளைப் பார்த்தார். அவள் கை கூப்பினாள். அவர் பார்க்காத மாதிரி உள்ளே போனார்.

ராஜாக்கண்ணுவுக்கு ஒன்றும் தெரியாது. ஆள் தேறுகிறான் என்பது மட்டும் தெரிந்தது. உடனே அவருக்கு யோசனை பிறந்தது. போதைப் பழக்கத்திலிருந்து பிரிவினால் மீட்கப்பட்ட ஆள் என்று மாதையனை மேடையேற்றிவிடலாம்!

போதை ஒழிப்பு வார நிறைவு விழாவுக்கு மண்டல இயக்குநர் வந்தார். கிடங்கு முன்னால் பந்தல். நாற்காலிகளை நிரப்ப நெல்லிப்பட்டிலிருந்து ஆட்களை அதே ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள். மாதையன் கழுத்தில் சாமந்தி மாலை. பக்கத்தில் ஒரு முக்காலி மேல் எண்ணெய் டின், துணி போட்டு மூடியிருந்தது.

"அன்பார்ந்த மலைவாழ் மக்களே" என்று தொடங்கினார் இயக்குநர். "முப்பது ஆண்டு காலப் பணியில் நான் ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்ததால்தான் என்னால் எந்த முடிவையும் உறுதியாக எடுக்க முடிந்தது. பார்த்தவர்கள் மனம் தளர்ந்து போவார்கள். சிலர் வலி, வலி என்கிறார்கள். எனக்கு வலி இல்லை. இந்தப் பிரிவில் யாருக்கும் வலி இல்லை. பிறகு வலி எங்கிருந்து வருகிறது? செடியிலிருந்து வருகிறது. இதோ இந்த மாதையன்! கஞ்சாவோடு இருந்தபோது எலும்புக்கூடு. எங்கள் பிரிவு செடியைப் பிடுங்கியது. இன்று சோறு சாப்பிடுகிறார், தூங்குகிறார். எது இவரைத் தேற்றியது? இந்தத் துறையின் அன்பு! இப்போது அந்த விஷத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டுகிறோம்."

துணியை இழுத்தார். டின்னில் ஒரு மொட்டைத் தண்டு நின்றது. உச்சியில் கொஞ்சம் பூவும் விதையும் இருந்தன. இலை என்று சொல்ல ஒன்றுமில்லை.

கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதரின் வேலையும் குடும்பமும் அந்த மொட்டைத் தண்டில் தொங்குவது பச்சையம்மாவுக்குப் புரிந்தது. முறையாவது ஒன்றாவது என்று சாலையைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"இலையெல்லாம் எங்கே? யார் கை வைத்தது?" என்றார் இயக்குநர்.

"ஆபீஸ்தான் சாமி" என்றாள் பச்சையம்மா.

"எந்த ஆள்?"

"ஆளு யாரும் இல்ல, ஆபீஸ். ஆபீஸ்தான் நட்டுது. ஆபீஸ்தான் தண்ணி ஊத்துச்சி. ஆபீஸ்தான் எலயக் கிள்ளிப் பாலுல காச்சி எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்துது. அதான் துன்றாரு, தூங்கறாரு. அன்புன்னு சொன்னீங்களே, அத்த பாலுல போட்டுத்தான காச்சணும்? நான் குடுத்தா குத்தம், நீங்க குடுத்தா வைத்தியமா?"

"இது பெரிய குற்றம்! ராஜாக்கண்ணு!"

ராஜாக்கண்ணு எழுந்தார். வியர்த்துக் கொட்டியது. ஆனால் சட்டத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவரால் பொய் சொல்ல முடியாது. "இலை குற்றமில்லை, சார். செடிதான்."

"செடி யாருடையது?"

"நம்முடையது, சார்."

மாதையன் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னான்: "இன்னும் கொஞ்ச நாளுதான் சாமி இருப்பேன். இங்கியே இருந்துடறேன். நல்லாப் பாத்துக்கறீங்க. கண்ண மூடனா எடுத்துப் போடறதுக்கும் நீங்கதான், எங்க மொற அது."

பேப்பர்காரர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் ராஜாக்கண்ணுவைத் தனியாக அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது, மீட்கப்பட்டவர் தன் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் துறையின் கொள்கை என்று அறிவித்தார்.

"அவரு மட்டும் வர மாட்டாரு" என்றாள் பச்சையம்மா. "செடியும் வரும். ஒண்ணு வெச்சிக்கினா ரெண்டையும் வெச்சிக்குங்க."

மாதிரிச் செடி, இயற்கையான சூழலில் கவனிப்பதற்காக, மலைக்குத் தற்காலிகமாக இடம் மாற்றப்படுகிறது என்று உத்தரவாயிற்று. டோலி முன்னால் போக, பச்சையம்மா டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் மலையேறினாள். வழியில் ஒருவரும் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பார்கள்? அரசு உடைமை, தொடாதே என்று அரசாங்கமே எழுதி வைத்திருந்ததே.

மாதையன் மார்கழிப் பனியில் போய்ச் சேர்ந்தான். முதல் நாள் சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கேட்டு வாங்கித் தின்றான். குழம்பில் உப்புக் குறைச்சல் என்று பச்சையம்மாவைத் திட்டிவிட்டுத் தூங்கினான். அந்தத் திட்டை நினைத்து நினைத்து அவள் அழுதாள். சிரிப்பும் வந்தது.

அடுத்த ஆடியில் மாதிரிச் செடி என்ன ஆயிற்று என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். ராஜாக்கண்ணுவின் ஜீப் நெல்லிப்பட்டுக்கு வந்து, பாதை முடிந்த இடத்தில் நின்றது. இப்போது அவருக்குச் செடி நன்றாக அடையாளம் தெரியும். தெரிந்ததுதான் வினை. நோயாளி இருக்கிற வீடு ஒவ்வொன்றின் பக்கத்திலும் சர்க்கார் செடியின் விதையில் முளைத்த ஒரு செடி நின்றது, மஞ்சள் நூலோடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு டோலி கட்டித் தயாராக இருந்தது. டோலிக்குள் நோயாளி, தலைமாட்டில் மூட்டை, சட்டி. முதல் டோலியில் ரங்கனின் மாமியார்.

"எந்த வூட்டுக்குப் போறோம்? அங்க காப்பித்தண்ணி உண்டா?" என்று கிழவி உற்சாகமாகக் கேட்டாள்.

"புடுங்குங்க சாமி" என்றாள் பச்சையம்மா. "எல்லாரும் கிளம்பித்தான் இக்கறாங்க."

ராஜாக்கண்ணு டோலிகளைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். அவருடைய வாயில் புளி இல்லாமலே எச்சில் ஊறியது. ஒரு செடியின் அருகே போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்தி, சட்டத்தை மதிக்கிற அந்த மனிதர் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பொய்க்கு வழி தேடினார். "இது... புளிச்சகீரைதானேம்மா? புளிச்சகீரைன்னு எழுதிட்டுப் போயிடறேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு."

தலையை ஆட்டியிருந்தால் போதும், ஜீப் அப்படியே திரும்பியிருக்கும். பின்னால் நின்ற ரங்கன்கூட, ஆட்டிவிடு என்று கண்ணைக் காட்டினான்.

"இல்ல சாமி" என்றாள் பச்சையம்மா. "மங்கம்மா கீரைன்னு கெஞ்சினப்ப எரிச்சீங்க. இப்ப கீரைன்னு சொல்லி நான் எதுக்குத் தப்பிக்கணும்? இது கஞ்சா. எங்க நோவுக்காரங்க மருந்து. எங்கியும் ஒளிச்சி வெக்கல, வாசல்லதான் நிக்குது. அந்தப் பேரப் போட்டே எழுதுங்க. எழுதி, யாருகிட்ட கேக்கணும்னு தீர்மானம் பண்ணிக்கினு வாங்க. அதுவரைக்கும் நாங்க தண்ணி ஊத்தறோம்."

ராஜாக்கண்ணு பேனாவைத் திறந்தார். பிறகு மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்ப இடம் போதவில்லை. நூல் கட்டிய செடி ஒன்றின் மேல் சக்கரம் ஏறிவிடப் போகிறதே என்று டிரைவர் பயந்து பயந்து, சரிவு முழுக்கப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனான்.

"அப்ப நான் போவலியா?" என்றாள் ரங்கனின் மாமியார், ஏமாற்றத்தோடு.